காலி வாளியின் எடை

அந்த ஆண்டின் நடுவில் ஒரு புதன்கிழமை, சலவை ஆலையின் ஆறாம் தொட்டியருகே இருந்த காலி வாளி ஒன்று முப்பத்தொரு கிலோ எடை காட்டியது. துணி நிறுக்கும் தராசில் வைத்துத்தான் பார்த்தார்கள். தராசில் பழுதில்லை, அதே தராசு அன்று காலை மருத்துவமனைப் போர்வைகளை கிராம் பிசகாமல் நிறுத்திருந்தது. வாளிக்குள் தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை, ஒரு கைக்குட்டைகூட இல்லை. மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், மூன்றாம் தடவை கையை விட்டுத் துழாவினார். அதை நகர்த்தப் போன மேற்பார்வையாளர் இடுப்பு பிடித்துக்கொண்டு, பதினொரு நாள் மல்லாந்து படுத்திருந்தார். இவ்வளவிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எடை எங்கிருந்து வந்தது என்பதில்தான் மேலாளருக்கும் அறுபத்தொரு பெண்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆலை என்றாலும் அது ஒரு நீளமான கூடம்தான். மூன்று மருத்துவமனைகளின் விரிப்புகளும் இரண்டு விடுதிகளின் திரைச்சீலைகளும் அங்கே வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்து அனுப்பப்பட்டன. ஒரு சுவரோரம் ஆறு சிமெண்ட் தொட்டிகள், எதிர்ச் சுவரோரம் நீராவி உருளைகள், நடுவில் மடிக்கிற மேசைகள், எங்கு பார்த்தாலும் தகர வாளிகள். வாளிகள் மொத்தம் இருநூற்று நாற்பது. உருளைகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் பெயர் காதில் விழாது என்பதால், யார் எங்கே நிற்கிறார்களோ அந்த இடமே அவர்கள் பெயராகிப்போனது. முதல் உருளையில் நின்றவள் இஸ்திரி அக்கா. நாற்பது வயது, அறுபது வயதுக்கான வாய். ஆறாம் தொட்டியில் நின்ற இளையவள் ஆறாந்தொட்டி. அவள் புருஷன் வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிட்டான் என்று பேச்சு. மேற்பார்வையாளர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கியதால் அவருக்கு விசில் என்றே பெயர். அதை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவறு நடந்தது. விடுதியின் பூப்போட்ட திரைச்சீலை அறுவை அரங்குக்குப் போனது; அறுவை அரங்கின் பச்சை அங்கி, புதிதாகக் கல்யாணமான ஜோடி தங்கியிருந்த விடுதி அறைக்குப் போனது. மருத்துவர் அந்தப் பூக்களுக்கு நடுவில்தான் ஒரு குடல்வாலை எடுத்தார் என்றும், நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார் என்றும் பிறகு தெரியவந்தது. ஆனாலும் மேலாளர் விடவில்லை. பெண்கள் வாயாடிக்கொண்டே மடிப்பதால்தான் இப்படி என்று முடிவு கட்டி, சுவரில் பத்தொன்பது சொற்களை வண்ணத்தில் எழுதவைத்தார். துணி, தொட்டி, சோப்பு, கஞ்சி, சூடு, மடிப்பு, வாளி என்று போகும் அந்தப் பட்டியல். வேலை நேரத்தில் இந்தப் பத்தொன்பதைத் தவிர வேறு சொல் பேசினால் அரை நாள் வருகை வெட்டு. மனுஷியின் வாயை அடைத்துவிடலாம் என்று நம்பிய நல்ல மனிதர் அவர்.

பெண்கள் ஒரு வாரம் வாய் மூடி இருந்தார்கள். எட்டாம் நாள் இஸ்திரி அக்கா கூடத்தின் அந்தக் கோடியைப் பார்த்து "வாளி" என்றாள். வாளி கேட்கிறாள் என்று நினைத்து ஒருத்தி வாளியை எடுத்து வந்தாள். அக்கா தலையை ஆட்டி, கண்ணால் வாசலைக் காட்டி, மறுபடி "வாளி" என்றாள். வாசலில் விசில் வந்துகொண்டிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பத்தொன்பதில் இதை ஏன் பிடித்தாள் என்றால், இரைச்சலில் காது உதவாது, உதட்டைத்தான் பார்க்க வேண்டும். 'வா' என்று வாய் அகலத் திறக்கிற சொல் அந்தப் பட்டியலில் அது ஒன்றுதான். முப்பதடி தூரத்திலிருந்தும் தெரியும். ஒரு மாதத்துக்குள் இழுத்துச் சொன்னால் தலைவலி, வெட்டிச் சொன்னால் மாமியார், இரண்டு தடவை சொன்னால் தேநீர் வந்தாச்சு, மூக்கைச் சுளித்துச் சொன்னால் மேலாளர் இன்று புதுச் சட்டை, கண்ணை மூடிச் சொன்னால் இன்றைக்கு எனக்கு முடியவில்லை, என் பங்கையும் நீ பிழி. ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. விதிப்படி எல்லாரும் வேலைச் சொல்லைத்தான் பேசினார்கள் என்பதால் விசில் ஊதவும் வழியில்லை.

வாளிகள் மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். விசில் வருகிறார் என்ற அர்த்தத்தில் சொன்னால் எல்லா வாளிகளிலும் தண்ணீர் சட்டென்று அலையடங்கி நின்றது. மாமியார் என்ற அர்த்தத்தில் சொன்னால் அருகிலிருந்த வாளியின் அடி லேசாகத் துருப்பிடித்தது. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை என்ற அர்த்தம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் காலி வாளிகள் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்து, சிரிப்பு அடங்கியதும் இறங்கின. ஈரத் தரையில் இது வசதியாகத்தான் இருந்தது, அடியில் துடைத்துவிடலாம். பெண்கள் அதிகம் யோசிக்கவில்லை. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

ஆறாந்தொட்டி அந்த ஆலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகியிருந்தது. மூன்று வருஷம் முடித்தால் நிரந்தரம். நிரந்தரமானவளுக்குப் பிள்ளை பெற விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் தொட்டி அவளுக்காகக் காத்திருக்கும். தற்காலிகமாக இருப்பவள் வயிற்றோடு நின்றால் அன்றைக்கே வாசல் பாஸை வாங்கிக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று மிக மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் இரண்டு பேரை அப்படி அனுப்பியிருந்தார்கள். இருவரும் திரும்பி வந்தபோது புது ஆள் நின்றுகொண்டிருந்தாள். ஆறாந்தொட்டியின் புருஷன் லாரியில் உதவியாளாகப் போனவன். வேலை இருக்கிற வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. வீடு ஓடியது அவள் கையால். இதையெல்லாம் அவள் துணி உலர்த்தும் மொட்டைமாடியில், விரிப்புகளுக்கு நடுவில் நின்று இஸ்திரி அக்காவிடம் சொன்னாள்.

"எத்தன மாசம்டி?"

"மூணுக்கா."

"நிரந்தரமாக இன்னும் எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "அப்ப எட்டு மாச வயித்தத் தூக்கிட்டு நிப்ப. எங்க ஒளிப்ப அத? பாவாடைக்குள்ளயா?"

"தெரியலக்கா. ஆனா எம் புள்ளையும் வேணும், எந் தொட்டியும் வேணும். ரெண்டுல ஒண்ண விடச் சொல்றதுக்கு இவங்க யாரு?"

அக்கா கீழே இறங்கினாள். உருளைக்குப் பக்கத்தில் நின்று, கூடத்தைப் பார்த்து, இதுவரை யாரும் பார்த்திராத ஒரு மெதுவான வாயசைப்பில் "வாளி" என்றாள், ஆறாந்தொட்டியைப் பார்த்தாள், தன் வயிற்றில் கையை வைத்தாள். மத்தியானத்துக்குள் அறுபத்தொரு பேருக்கும் அர்த்தம் போய்ச் சேர்ந்தது. அவளைச் சுமை தூக்க விடாதே, அவளை மறைத்து நில், வெளியே மூச்சு விடாதே. அன்று சாயங்காலம் ஆறாந்தொட்டி சீருடை மாற்றும்போது குனிந்து பார்த்தாள். லேசாக மேடிட்டிருந்த வயிறு கல்யாணத்துக்கு முன் இருந்ததுபோலத் தட்டையாகக் கிடந்தது. தொட்டியருகே அவள் வழக்கமாகப் புழங்கும் வாளி ஒரு கிலோ கூடியிருந்தது.

பிறகு மாதாமாதம் வாளிதான் கனத்தது. வயிற்றில் இருப்பது பிள்ளை மட்டும் என்றால் இரண்டு மூன்று கிலோவோடு நின்றிருக்கும். கூடவே பயமும் இருந்ததால் ஐந்தாம் மாதத்தில் பத்தொன்பது கிலோவுக்குப் போனது. ஆறாந்தொட்டி இடுப்பு நோவில்லாமல், கால் வீக்கமில்லாமல் நின்று போர்வை பிழிந்தாள். மற்றவர்கள் இது நல்லதாகப் போயிற்று என்றார்கள். அவளுக்கு அப்படி இல்லை. பிள்ளை அசையத் தொடங்கியபோது அது அவளுக்குள் அசையவில்லை. வாளியின் கைப்பிடி கடகடவென்று ஆடியது. வேலைக்கு நடுவே அவள் ஈரக் கையைத் தகரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள். விடுமுறை நாட்களில் ஆலை வாசல்வரை வந்து, காவலாளி உள்ளே விடாததால் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். "எம் புள்ள தகரத்துல ஒதைக்குதுக்கா," என்று ஒருநாள் அக்காவிடம் சொல்லி அழுதாள். "எனக்குள்ள ஒதைக்கணும்ல அது." இஸ்திரி அக்காவுக்கு எதற்கும் பதில் வைத்திருக்கும் வாய், அன்று அவளும் அழுதாள்.

ஆறாம் மாதத்தில்தான் விசில் அந்த வாளியை ஓரமாக வைக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலாளர் வந்தார், நிறுத்தார், துழாவினார். அவர் முட்டாள் இல்லை. இரண்டு நாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாளிகளைக் கெடுப்பது அந்தச் சொல்தான் என்று கண்டுபிடித்தார். உடனே பட்டியலில் 'வாளி'யை அடித்துவிட்டு 'கொள்கலன்' என்று எழுதவைத்தார். பெண்கள் மறுபேச்சில்லாமல் கொள்கலன் என்றார்கள். கொள்கலன் என்று கூப்பிடப்பட்டதிலிருந்து அவற்றில் ஒன்றில்கூடத் தண்ணீர் தங்கவில்லை. ஊற்ற ஊற்ற, ஓட்டை எதுவும் இல்லாத அடி வழியாக இறங்கித் தரையில் ஓடியது. ஒன்றரை நாள் வேலை கெட்ட பிறகு, மேலாளர் தானே ஏணியில் ஏறிப் பழைய சொல்லைத் திரும்ப எழுதினார்.

அடுத்து அவர் செய்தது விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தர் வந்தார். ஒல்லியான மனிதர், இரண்டு பேனா, ஒரு பெட்டி நிறையக் கோடு போட்ட நோட்டுகள். கூடத்தின் நடுவில் மடிக்கிற மேசை ஒன்றைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் முன்னால் வந்து, அந்தச் சொல்லுக்குத் தனக்குத் தெரிந்த அர்த்தங்கள் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி அர்த்தம் பதிவாகும்வரை விசாரணை முடிந்ததாகாது. விசாரணை முடியாமல் யாரையும் வேலையிலிருந்து அனுப்பவும் கூடாது. இதைப் படித்துக் காட்டியபோது மேலாளர் ஒரு பத்து நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தார். இஸ்திரி அக்கா அந்தக் கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னாள்.

மேலாளர் எதிர்பார்த்தது, பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது. மிரட்டத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவர்கள் திறந்தார்கள். திறந்த பிறகு மூடவே இல்லை. முதல் நாளே நாற்பத்து மூன்று அர்த்தம் பதிவாயிற்று, எல்லாம் அங்கேயே நின்று இட்டுக்கட்டியது. வாளி என்றால் பாதியில் நின்றுபோன தும்மல். வாளி என்றால் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து நம் தோளில் தூங்கிவிழும் ஆள். வாளி என்றால் காலையில் போட்டுக்கொள்ளும் நேற்றைய ஈரச் செருப்பு. வாளி என்றால் புருஷன் கேட்காமலே பாத்திரம் கழுவிவைக்கும் நாள், அது இன்னும் வரவில்லை. வாளி என்றால் அக்காவுக்கு ஆறு மாதம் முன்னால் பிறந்த தங்கை என்று ஒருத்தி சொன்னபோது எழுத்தர் பேனாவை நிறுத்தி, "அது எப்படிம்மா முடியும்?" என்று கேட்டார். "முடியாதுல்ல சார், அதுக்குத்தான் வேற சொல்லே கெடையாது," என்றாள் அவள். எழுத்தர் யோசித்து எழுதிக்கொண்டார்.

சொல்லும் அர்த்தம் எதுவானாலும் கூடத்தில் எங்கோ ஒரு வாளி அதற்குக் கட்டுப்பட்டது. தும்மல் பதிவானபோது ஒரு வாளி குலுங்கி, குலுங்கியபடியே நின்றுவிட்டது. பேருந்துக்காரர் பதிவானபோது ஒன்று மற்றொன்றின் மேல் சாய்ந்தது, எத்தனை முறை நிமிர்த்தி வைத்தாலும் சாய்ந்தது. ஆறாம் தொட்டி வாளியின் எடையை இந்த அமளியில் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. கால்வாசி வாளிகள் மிதந்தன, பாதி வாளிகள் மினுங்கின, சிலவற்றில் காற்று தானாக வீசியது. இதற்கு நடுவில் ஒரு வாளி கனமாக இருப்பது ஒரு செய்தியே இல்லை. எழுத்தர் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் எண் போட்டு, எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் கேட்டு, தேதியோடு எழுதினார். அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆயிரத்து முந்நூறைத் தாண்டிய அன்று பேனாவை மூடிவைத்து, "எனக்கும் ஒண்ணு இருக்கு. எழுதிக்கலாமா?" என்று பெண்களைக் கேட்டார். வெளியூரில் இருக்கும் தன் மகன் தொலைபேசியில் 'சரிப்பா' என்று சொன்ன பிறகும் வைக்காமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், அதற்கு வாளி என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தன் பெயரிலேயே எண் போட்டு, தானே கையெழுத்தும் போட்டார்.

ஏழாம் மாதம் போய் எட்டு பிறந்தது. தோன்றிய உணர்ச்சி, உறவு, நோவு எல்லாம் தீர்ந்துபோக, பெண்கள் கூடத்தில் இருந்த பொருள்களில் இறங்கினார்கள். வாளி என்றால் முதல் உருளை, வாளி என்றால் இரண்டாம் உருளை, வாளி என்றால் ஜன்னல், படிக்கட்டின் உடைந்த மூன்றாம் படி, மேலாளரின் நாற்காலி, மேலாளரின் தேநீர்க் கோப்பை, தொலைபேசி, இந்த மேசை, இந்த நோட்டு, அந்தக் கதவு, பெட்டியில் கிடக்கும் எல்லாத் தாள்களும். எதையும் விடவில்லை. இரண்டாயிரத்து நூற்று நாற்பதாவது அர்த்தம் பதிவானபோது, அந்தக் கட்டடத்துக்குள் வாளி இல்லாத பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆறாந்தொட்டிக்கு மூன்று வருஷம் முடிய ஒரே இரவு பாக்கி இருந்தது.

மறுநாள் காலை எழுத்தர் முறைப்படி அவளுடைய நிரந்தரமாக்கும் தாளைத் தயார் செய்து, மேலாளர் கையெழுத்துக்காக மேசை ஓரத்தில் வைத்தார். மேலாளர் வந்தார். தாளில் யார் பெயர் என்றுகூடப் பார்க்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. பையிலிருந்து ஒரு குறிப்பை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். விசாரணை நடந்த இரண்டு மாதங்கள் பணிக்காலத்தில் சேராது. விசாரணை இன்றோடு முடிகிறது. அவ்வளவுதான். நிரந்தரமாக வேண்டியவர் யாரானாலும் இன்னும் இரண்டு மாதம் நிற்கட்டும் என்றார். எந்தப் பெண்ணுக்காக இந்தக் கூத்து என்று அவருக்கு அப்போதும் தெரியாது. யாரோ ஒருத்தி என்று மட்டும் தெரியும், அது போதும் என்று நினைத்தார். உருளைகள் நிறுத்தப்பட்டிருந்தன. இஸ்திரி அக்கா வாய் திறந்தாள், எந்தச் சொல்லும் வரவில்லை.

இரண்டு மாதம் என்றால் பத்து மாதமும் முடிந்துவிடும். பிள்ளை அதுவரை காத்திருக்காது. வந்தால் தகரத்தில்தான் பிறக்கும். ஆறாந்தொட்டி இதை யோசித்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. தொட்டியை விட்டு விலகி, ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு, வேகமாக நடந்து வந்து மேசைக்கு முன் நின்றாள். அவள் வந்த வேகத்தில் மேசை ஓரத்திலிருந்த தாள் பறந்துபோய் ஈரத் தரையில் விழுந்தது.

"எழுதிக்குங்க சார்," என்றாள் எழுத்தரிடம். "ஒண்ணு விட்டுப்போச்சு."

"விசாரணை முடிஞ்சுது," என்றார் மேலாளர்.

"கடைசி அர்த்தம் வரைக்கும்னு நீங்கதான போட்டீங்க? இதுதான் கடைசி." எழுத்தர் ஏற்கெனவே நோட்டைத் திறந்திருந்தார். "வாளின்னா நான். வயித்துல எட்டு மாசப் புள்ளையோட நிக்கிற நான். அஞ்சு மாசமா எம் புள்ளைய அந்தத் தகரத்துல வெச்சிட்டு நின்னேன். இனிமே வெக்க மாட்டேன். அது எங்கிட்டதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வயிறு வந்துவிட்டது. சீருடையின் மூன்றாவது பொத்தானும் நான்காவதும் தெறித்தன, ஒன்று மேலாளர் மூக்குக் கண்ணாடியில் பட்டது. அவள் இடுப்பில் கையை ஊன்றி ஒரு நிமிஷம் தள்ளாடினாள். பிறகு உள்ளே உதைத்தது, அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஆறாம் தொட்டியருகே வாளி லேசாகி உருண்டு போனது. எழுத்தர் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தொன்று என்று எண் போட்டு, அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாஸை வாங்கிட்டு அனுப்புங்க," என்று விசிலிடம் சொன்னார். கையெழுத்துப் போடும்போது அவள் வைத்த பாஸ் மேசைமேல் கிடந்தது. விசில் கையை நீட்டினார். அப்போது இஸ்திரி அக்காவுக்குச் சொல் வந்தது. "வாளி" என்றாள். இதற்கு அவள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, யாருக்கும் தேவைப்படவும் இல்லை. இது நகராது, அவ்வளவுதான் அர்த்தம். அறுபது வாய்களும் அகலத் திறந்து அதையே சொல்லின. விசில் பாஸை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு கையாலும் பார்த்தார். இடுப்பு நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டார்.

நகராமல் போனது பாஸ் மட்டும் இல்லை. இருநூற்று நாற்பது வாளிகளும் போட்ட இடத்தில் நின்றன, கூடவே உருளைகளும் விரிப்புகளும் தலையணை உறைகளும் நின்றன. மேசைமேல் கிடந்த ஒரு கைக்குட்டையை, துணி ஏற்ற வந்த ஓட்டுநர்கள் நாலு பேர் சேர்ந்து மூலைக்கு ஒருவராகப் பிடித்து இழுத்தும் கிளப்ப முடியவில்லை. அங்கே எல்லாமே வாளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டில் இருக்கிறதே, என்ன செய்வது. ஆட்களுக்கும், உடம்பில் போட்டிருந்த உடைக்கும், சட்டைப்பையில் இருந்தவற்றுக்கும் மட்டும் விலக்கு. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க முடியாததால் மருத்துவமனைகள் என்ன திட்டின என்பது தெரியவில்லை. பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். நேரம் முடிந்ததும், திறந்தபடியே நின்றுபோன கதவு வழியாக வீட்டுக்குப் போனார்கள், காலையில் சரியான நேரத்துக்கு வந்து மறுபடி உட்கார்ந்தார்கள். வருகையில் குறை சொல்ல இடமில்லை. பட்டியலில் இல்லாத சொற்களையெல்லாம் பேசினார்கள். சேர்ந்தாற்போல் இத்தனை வருஷத்துப் பேச்சு. ஊத விசிலுக்கும் மனம் வரவில்லை.

மேலாளர் மூன்று நாள் தாக்குப்பிடித்தார். அவரைக் கோழை என்று சொல்ல முடியாது. முதல் நாள் நாற்காலியை இழுக்க முடியாமல் நின்றுகொண்டே இருந்தார். இரண்டாம் நாள் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாமல் மேசைமேல் குனிந்து உறிஞ்சினார். அதைக் கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மருத்துவமனை ஒன்றிலிருந்து தலைமைச் செவிலி நேரிலேயே வந்து, விரிப்பில்லாத கட்டிலில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வந்திருப்பதாக அவர் முகத்துக்கு நேரே சொல்லி, காரணத்தைக் கேட்டாள். ஆறாந்தொட்டி வயிற்றைக் காட்டினாள். "இதுக்கா?" என்று கேட்ட செவிலியும் பெண்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் அறையை விட்டு வெளியே வந்தார். தாள் எங்கே என்று எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் தரையைக் காட்டினார். குனிந்து எடுக்கப் பார்த்தார், வரவில்லை. ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பப் பார்த்தார், அதுவும் வரவில்லை. எழுத்தர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து நீட்டினார். மேலாளர் பேனாவைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு ஆறாந்தொட்டியின் காலருகே முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, கையெழுத்துப் போட்டார். தேதியை அவர் விட்டுவிட்டார். "தேதி, சார்," என்றாள் அவள். போட்டார்.

அவர் எழுந்ததும் இஸ்திரி அக்கா ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். அது சாதாரணமாக வந்தது. உருளைகள் ஓடின. ஆறாந்தொட்டி விடுப்பில் போய், ஒரு பெண் குழந்தையைத் தன் உடம்பிலிருந்தே பெற்று, நான்கு மாதம் கழித்துத் தன் தொட்டிக்குத் திரும்பினாள். எழுத்தரின் பதினொரு நோட்டுகளும் தலைமை அலுவலகத்துக்குப் போயின. சுவரிலிருந்த பட்டியல்மேல் அடுத்த முறை வெள்ளையடித்தபோது அதைத் திரும்ப எழுதச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. அந்தத் தாள் ஒன்றுதான் தரையை விட்டுக் கிளம்பவில்லை. தண்ணீர் பட்டும் நைந்துபோகாமல் இன்றும் அங்கேயே கிடக்கிறது. தரை கழுவுகிறவர்கள் அதைச் சுற்றிக் கழுவுகிறார்கள். ஆண்டுதோறும் ஆவணங்களைச் சரிபார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார். மற்றவற்றை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதற்கு மட்டும் கூடத்துக்கு வந்து முழங்கால் போட்டுப் படித்து, சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஈரமான கால்சட்டையைத் தட்டிவிட்டுப் போகிறார்.